பின்னறைக் குளிருக்கு யார் பொறுப்பு?

அறியாமல் செய்த பிழையைப் பிழையென்று கொள்ளலாமா? இது மிகப் பழைய கேள்வி. ஊரிலே திண்ணையில் இருந்தவர்களும் இதைப் பேசினார்கள். பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் பேசினார்கள். "எனக்குத் தெரியாது" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதே நம்மில் பலருடைய எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் வீட்டுப் பின்னறையில் இருந்த ஒரு பழைய ரேடியேற்றர் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் இந்த நாட்டிலே பழைய வீடு வாங்கி, ஓர் அறையை வாடகைக்கும் கொடுத்து, மோட்கேஜ் கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் பலர் இருப்பதால் சொல்லத்தான் வேண்டும்.

2014ஆம் ஆண்டு லண்டன் புறநகர் ஒன்றில் இந்த வீட்டை வாங்கினோம். 1930களில் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று. வீட்டைச் சூடாக்கும் குழாய்களும் ரேடியேற்றர்களும் 1980களில் பூட்டப்பட்டவை. வாங்கும்போது கூரை, சுவர், ஈரக்கசிவு எல்லாம் பார்த்தோம். குழாய்க்குள் ஓடும் தண்ணீரை யார் பார்க்கிறார்கள்? பொயிலரைப் போட்டால் சூடு வந்தது. அது போதுமென்று இருந்துவிட்டோம்.

வீட்டின் பின்பக்கம் முன்னைய உரிமையாளர் நீட்டிக் கட்டிய கீழறை ஒன்று இருந்தது. 2017 ஐப்பசியில் அந்த அறையை ஒரு தம்பிக்குக் கொடுத்தோம். படிக்க வந்த பிள்ளை. பகலில் வகுப்பு, கிழமையில் இரண்டு இரவு பெற்றோல் நிலையத்தில் வேலை. அமைதியானவர். சமையலறையைப் பாவித்தால் துடைத்து வைத்துவிட்டுத்தான் போவார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் வந்து நின்றார். "அண்ணை, பின்னறை சரியாக் குளிருது. ஹீற்றர் வேலை செய்யேல்லைப் போல."

நான் போய் ரேடியேற்றரின் மேல் விளிம்பிலே கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. "நல்லாச் சுடுதே தம்பி. நீர் ஜன்னலைத் திறந்து வைக்கிறீரோ?" என்று கேட்டேன். இல்லை என்றார். நான் நம்பவில்லை.

ஆனாலும் என் கடமையைச் செய்தேன் என்ற திருப்திக்காக, சிறிய திறப்பை எடுத்து ரேடியேற்றரின் மூலையில் உள்ள காற்று வால்வைத் திறந்துவிட்டேன். சீறிக்கொண்டு காற்று வந்தது, பிறகு தண்ணீர் துளித்தது, மூடினேன். அடுத்த கிழமையும் காற்று வந்தது. அதற்கடுத்த கிழமையும் வந்தது. மூடிய குழாய்க்குள் கிழமைக்குக் கிழமை காற்று எங்கிருந்து வருகிறது என்று நான் என்னையே ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

2018 பெப்ரவரி முடிவிலே கிழக்கிலிருந்து கடுங்குளிர் வந்து நாடெங்கும் பனி கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கிழமை அவர் சிறிய மின்சார ஹீற்றர் ஒன்றை வாங்கிவந்து அறையில் வைத்துக்கொண்டார். இரண்டு கிலோவாற் ஹீற்றர். ஒரு மணித்தியாலம் ஓடினால் இரண்டு யூனிற் போகும். கட்டணத்தைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது. "குளிர் மாதங்களில் 20 பவுண் கூடத் தரவேணும்" என்றேன். மறுபேச்சில்லாமல் தந்தார். ஒருநாள் என் மனைவி, "அந்தப் பெடியன் கோட்டோடதான் படுக்கிறான், பாத்தனீங்களோ?" என்று கேட்டார். "வெயில் நாட்டுப் பிள்ளை, பழகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

2019 மே மாதம் படிப்பு முடிந்து அவர் வேறு ஊருக்குப் போனார். போகும்போது அறையைக் கூட்டித் துடைத்தார். அந்த ஹீற்றரை அங்கேயே விட்டுவிட்டு, "இனி இந்த அறைக்கு வாறவருக்கு உதவும் அண்ணை" என்றார். அதையும் நான் விளங்கிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் டிசெம்பரில் பொயிலர், கேத்தில் கொதிப்பதுபோல இரையத் தொடங்கியது. மேல்மாடி அறைகளும் குளிர்ந்தன. காஸ் வேலைக்குப் பதிவு பெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வந்தார். பொயிலரைப் பார்த்துவிட்டு ஒவ்வோர் அறையாகப் போனார். பின்னறையில் முழங்காலில் இருந்து ரேடியேற்றரின் அடிப்பக்கத்தில் கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். மேலே சுட்ட அதே ரேடியேற்றர், கீழே நடுவிலிருந்து அடிவரை கல்லுப்போலக் குளிர்ந்து கிடந்தது.

அவர் எனக்குச் சொன்ன பாடத்தை வாசகர்களுக்கும் சொல்கிறேன். மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று நிற்கிறது. மேலே சுட்டுக் கீழே குளிர்ந்தால் உள்ளே சேறு படிந்திருக்கிறது. ரேடியேற்றர் இரும்புத் தகடு, குழாய் செம்பு, உள்ளே ஓடுவது தண்ணீர். தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசன் இரும்பை அரிக்கும். அடைத்து வைத்த தண்ணீரில் அந்த ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடும். பிறகு அரிப்பும் மெதுவாகிவிடும். ஆனால் புதுத்தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அரிப்பும் நடந்துகொண்டே இருக்கும். அரிபட்ட இரும்பு, மக்னடைற் என்ற கரிய தூளாகிறது. மாவைவிட நுண்ணிய அந்தத் தூள், தண்ணீர் மெதுவாக ஓடும் இடம் பார்த்துப் படிகிறது. எங்கள் வீட்டில் பம்பிலிருந்து ஆகத் தூரத்தில், குழாயின் கடைசியில் இருந்தது பின்னறைதான். இந்த அரிப்பிலே ஐதரசன் வாயுவும் உண்டாகும். நான் கிழமைதோறும் "காற்று" என்று திறந்துவிட்டதில் அதுவும் இருந்திருக்கும் என்றார்.

புதுத்தண்ணீர் எங்கிருந்து வந்தது? குளியலறைத் தளத்தின் கீழே ஒரு பொருத்து மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. சூடான குழாயில் கசிந்த தண்ணீர் அங்கேயே காய்ந்துவிட்டதால் கறைகூட வெளியே வரவில்லை. குறைந்த தண்ணீரைக் கூரைக்குக் கீழே இருந்த சிறிய தொட்டி, மிதவை வால்வின் மூலம் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தது. நான் கணக்காளன். குறைந்ததை யாருக்கும் தெரியாமல் ஏதோவொன்று நிரப்பிக்கொண்டிருந்தால் வருடமுடிவில் ஐந்தொகை அழகாகச் சமப்படும் என்பது என் தொழிலிலே நான் பலமுறை கண்ட சங்கதி. என் சொந்த வீட்டில் அதைக் காணவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சேறு என்னுடையதல்ல, எனக்கு முன்பே இருந்தது, எனக்குத் தெரியாது என்று மனம் வாதாடிக்கொண்டே இருந்தது. அந்த வாதம் நிற்குமா என்று என் படிப்பையும் தொழிலையும் கொண்டு பார்த்தேன்.

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதிலே ஒரு கப்பல் முதலாளி வருகிறார். அவருடைய கப்பல் பழையது, பலமுறை திருத்தியது. கடலுக்கு ஏற்றதா என்ற ஐயம் அவருக்கு வருகிறது. பரிசோதித்தால் செலவு. "இத்தனை தரம் பத்திரமாகப் போய்வந்த கப்பல்தானே" என்று தன் மனதைத் தானே தேற்றி, ஐயத்தை ஒதுக்கி, உண்மையாகவே நம்பிக் கப்பலை அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாக நம்பினாரே, குற்றவாளியா? ஆம் என்கிறார் கிளிஃபோர்ட். அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இருக்கவில்லை. ஆராய்ந்து பெறாமல், ஐயத்தை அமுக்கிப் பெற்ற நம்பிக்கை அது. கப்பல் மூழ்காமல் திரும்பி வந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்றும் சொல்கிறார்.

கணக்காய்வு படித்தவர் எவரும் 1896ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பைப் படித்திருப்பார். ஒரு பஞ்சாலைக் கம்பனியின் கையிருப்புக் கணக்கில் மோசடி நடந்தது. கணக்காய்வாளர் பொறுப்பாளியா என்ற கேள்வி வந்தது. அவர் காவல் நாய், வேட்டை நாயல்ல என்றார் நீதிபதி. எங்களுடைய தொழிலிலே இதைப் பெருமையோடு சொல்லுவோம். எங்கும் மோப்பம் பிடித்துத் திரிய வேண்டியதில்லை என்று ஆறுதல் கொள்வோம். ஆனால் அதே தீர்ப்பிலே, ஐயத்தை எழுப்பும் ஏதாவது கண்ணில் பட்டால் அதை அடிவரை துருவ வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நாங்கள் அவ்வளவாகச் சொல்லுவதில்லை.

சட்டத்தையும் பார்த்தேன். 1985ஆம் ஆண்டு நிலவுடைமையாளர், குத்தகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, வாடகைக்கு விட்ட வீட்டில் அறைகளைச் சூடாக்கும் சாதனங்களைத் திருத்தி வைப்பது உரிமையாளரின் கடமை. சொந்த வீட்டில் கூடவே இருந்துகொண்டு ஓர் அறையைக் கொடுப்பவரின் நிலை வேறு. அந்த விவாதத்துக்கு நான் போகவில்லை. என்னைத் தொட்டது, 1973இல் பிரபுக்கள் சபை கொடுத்த ஒரு தீர்ப்பு. வாடகை வீட்டில் கூரைத்தளம் இடிந்து விழுந்தது. குறை உள்ளே மறைந்திருந்தது. இருந்தவருக்கும் தெரியாது, உரிமையாளருக்கும் தெரியாது. குறையைப் பற்றிய அறிவித்தல் கிடைக்காதபடியால் உரிமையாளர் பொறுப்பில்லை என்று முடிவாயிற்று.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது என் வாதம் கரைந்துவிட்டது. மறைந்திருந்த சேற்றுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் எனக்கு அறிவித்தல் கிடைத்தது. ஒரு மனிதர் வந்து நின்று தன் வாயாலே "குளிருது" என்றார். "எனக்குத் தெரியாது" என்ற சொல், அவர் வாயைத் திறந்த அன்றோடு எனக்கு உதவாமல் போய்விட்டது. அதன்பிறகு நான் அறியாமல் இருந்ததற்குக் காரணம், நான் அவரை நம்பாததுதான்.

எங்கள் ஊர்க் கிணறுகளை நினைத்துப் பார்க்கிறேன். சேறு கூடினால் வாளியிலே வரும். குடத்தின் அடியிலே தெரியும். வெயில் காலத்தில் தண்ணீர் கீழே போனதும் இறைத்து, ஆள் இறங்கிச் சேறு அள்ளுவார்கள். பங்குக் கிணறென்றால் பங்குக்காரர் எல்லோரும் வந்து நிற்பார்கள். நல்ல தண்ணீர், கலங்கல் தண்ணீர் எல்லாருக்கும் ஒன்றுதான். இங்கே வீட்டுக் குழாய்கள் மூடிக் கிடக்கின்றன. அதற்குள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. போதாததற்கு, முன்னறையில் இருப்பவருக்குச் சூடு நன்றாக வரும். குளிர் முழுவதும் கடைசி அறைக்காரருக்குத்தான் போகும். ஆகவே குளிரைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. அவருடைய சொல்லைத் தள்ளிவிட்டால் உண்மை வெளியே வருவதற்கு வேறு வழியில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2007இல் நான் இந்த நாட்டுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்தபோது என்னை விசாரித்த அலுவலர் கோபக்காரர் அல்லர். மரியாதையாகத்தான் கேட்டார். நான் சொன்ன இரண்டு திகதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னது நம்பத்தக்கதல்ல என்று எழுதி அனுப்பினார்கள். மேன்முறையீட்டிலேதான் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை நான் இன்னமும் வைத்திருக்கிறேன். மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பொய்யன் என்றார்களே என்று பத்து வருடம் மனதுக்குள் வைத்திருந்தவன் நான். அதே நான், ரேடியேற்றரின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டு ஒரு பிள்ளையைப் பொய்யனாக்கியிருக்கிறேன். துன்பப்பட்டவனுக்குப் பிறர் துன்பம் தானாகவே விளங்கும் என்று சொல்லுவார்கள். எனக்கு விளங்கவில்லை. அதற்கும் முழங்காலில் இருந்து அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்து என்ன செய்வது? பம்ப் இயந்திரம் பூட்டி வேகமாகத் தண்ணீர் ஓட்டிக் கழுவும் முறை ஒன்று உண்டு. ஆனால் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ரேடியேற்றர்களில் தகடு மெலிந்திருக்கலாம், சேறே சில துளைகளை அடைத்துக்கொண்டிருக்கலாம், கழுவினால் ஒழுகவும் கூடும் என்று வந்தவர் முன்கூட்டியே சொன்னார். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "ஓடுற வரைக்கும் ஓடட்டும். ஏன் கிளறுறீங்கள்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய விடயங்களைக் கிளறினால் புதிய ஒழுக்குகள் வரும் என்பது குடும்பங்களிலும் சங்கங்களிலும் நாம் காணாததா? ஆனால் துளை ஏற்கனவே அங்கே இருக்கிறது. சேறு அதை மூடி நமக்குக் கொஞ்சக் கால அமைதியைத் தருகிறது. அந்த அமைதிக்கான விலையைப் பின்னறையில் இருப்பவர் குளிராகக் கட்டிக்கொண்டிருக்கிறார். விலையை வேறொருவர் கட்டும்போது "கிளற வேண்டாம்" என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

ஆகவே மெதுவான வழியிலே செய்தோம். முதலில் கசிந்த பொருத்தைத் திருத்தினோம். பிறகு சேறு கரைக்கும் மருந்தைக் கூரைத் தொட்டி வழியாக விட்டு ஒரு கிழமை பொயிலரை ஓடவிட்டோம். ஆகக் கீழேயுள்ள வடிகால் வால்வில் ரியூப் பூட்டித் தண்ணீரை வெளியேற்றினோம். மழைநீர் போகும் வடிகாலில் இதை விடக்கூடாது. கழிவுநீர் வடிகாலில்தான் விட வேண்டும். மை போலக் கறுப்பாக வந்தது. நிரப்பி, ஓடவிட்டு, மீண்டும் வடித்தோம். நான்காம் முறைதான் தெளிந்தது. பின்னறை ரேடியேற்றரைத் தனியே கழற்றினோம். இரண்டு பக்க வால்வையும் மூடி, எத்தனை சுற்று மூடினோம் என்று எழுதிவைத்து, கீழே தட்டு வைத்து, இருவராகத் தூக்கி வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் பாய்ச்சி, இறப்பர்ச் சுத்தியலால் தட்டினோம். விழுந்த கரிய சேற்றில் ஒரு வாளி அரைவாசி நிரம்பிற்று. என் மகள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த காந்தத்தைக் கொண்டுவந்து வாளியில் பிடித்தாள். சேறு மயிர்போல எழும்பி அதில் ஒட்டியது.

கடைசியாகத் துருத்தடுப்பு மருந்து விட்டு, காந்த வடிகட்டி ஒன்றும் பூட்டினார்கள். இவையெல்லாம் பி.எஸ். 7593 என்ற பிரித்தானியத் தரவிதியில் உள்ளவைதான். 1992இல் முதலில் வெளிவந்து, 2019இல் திருத்தப்பட்ட அந்த விதி, வருடாவருடம் தண்ணீரைச் சோதிக்கவும் சொல்கிறது.

நண்பர் சொன்னதும் நடந்தது. இரண்டு கிழமை கழித்து முன்கூடத்து ரேடியேற்றரின் அடியில் ஊசித்துளை ஒன்று தெரிந்தது. காப்பெற்றில் மண்ணிறக் கறை. புது ரேடியேற்றர் வாங்கவேண்டி வந்தது. செலவுதான். ஆனால் அந்தச் செலவு இப்போது என் கணக்கில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மிச்சம் இருந்தது மற்றக் கணக்கு. 2018இல் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம். பிறகு 2018 நவம்பர் முதல் 2019 ஏப்ரல் வரை ஆறு மாதம். எட்டு மாதம், மாதம் 20 பவுண், எல்லாமாக 160 பவுண். அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடியெடுத்துப் பேசினேன்.

"தம்பி, அந்த அறை உண்மையிலேயே குளிர்தான். நீர் சொன்னது சரி. நான் நம்பேல்லை. பிழை என்னுடையது" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பரவாயில்லை அண்ணை, காசு வேண்டாம்" என்றார். கணக்குக் கணக்குத்தான் என்று சொல்லி வங்கி இலக்கத்தை வாங்கினேன். வைக்கப்போகும்போது அவர் சொன்னார்: "நீங்கள் சுடுது எண்டு சொன்னாப் பிறகு, எனக்குத்தான் ஏதோ வருத்தமாக்கும் எண்டு நினைச்சு டொக்டரிட்டப் போய் இரத்தமும் சோதிச்சனான் அண்ணை. ஒண்டும் இல்லை எண்டிட்டினம். அப்பவும் எனக்கு விளங்கேல்லை."

160 பவுணை அன்றே அனுப்பிவிட்டேன். ஆனால் தன் உடம்பு சொன்னதைத் தானே நம்பாமல் ஒரு பிள்ளை இரண்டு குளிர்காலம் இருந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? பற்றுப் பக்கத்தில் எழுதலாம். அதற்கு எதிரே வைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. என் தொழிலில், இடம் தெரியாத தொகையைத் தொங்கல் கணக்கில் போட்டு வைப்போம். இதுவும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்தப் பின்னறையில் என் மனைவியின் பெரியம்மா இருக்கிறார். ஐப்பசி பிறந்ததும் நான் வீட்டிலுள்ள எல்லா ரேடியேற்றர்களின் அடிப்பக்கத்தையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். அதன்பிறகு அவருடைய அறையில் இருந்து, "குளிருதோ பெரியம்மா?" என்று கேட்கிறேன். "இல்லை மேனை" என்பார். சில நாட்களில் "கொஞ்சம் குளிருதுதான்" என்பார். அப்படிச் சொல்லும் நாளில், ரேடியேற்றர் சுட்டாலும் சரி, முழங்காலில் இருந்து இன்னொரு தரம் பார்க்கிறேன்.